வீட்டில் வெள்ளை ஒயின் சாங்கிரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாங்கிரியா என்பது ஒயினில் பழமும் சர்க்கரையும் சேர்த்துக் குளிரவைத்துக் குடிக்கும் ஸ்பெயின் பானம். சிவப்பு ஒயின் சாங்கிரியா செய்யத் தெரிந்தவர்களிடம் வெள்ளையைப் பற்றிக் கேட்டால், "அதே மாதிரிதான், ஒயினை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. சிவப்பு ஒயினில் துவர்ப்பும் கனமும் இருப்பதால் சர்க்கரை ஒரு கரண்டி கூடினாலும் தாங்கும், பிராந்தி கொஞ்சம் தாராளமாக விழுந்தாலும் தாங்கும், பட்டை கிராம்பு போட்டாலும் தாங்கும். வெள்ளை எதையும் மறைக்காது. எது கூடினாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் குறைவாகப் போடுங்கள், நன்றாகக் குளிர வையுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

வெள்ளையில் செய்தாலும் அது சாங்கிரியாதானா?

வீட்டில் செய்யும்போது யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஸ்பெயினில் "சாங்கிரியா பிளாங்கா" என்றே கேட்டு வாங்கலாம். பாட்டிலில் அடைத்து விற்பதற்குத்தான் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைப்படி சாங்கிரியா என்பதையே பண்டத்தின் பெயராக வைத்து விற்க ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் தயாரானதற்கு மட்டுமே அனுமதி. ஆல்கஹால் 4.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 12 சதவீதத்தைத் தொடவும் கூடாது. வெள்ளை ஒயினில் செய்வதை அதே விதிமுறை கிளாரேயா என்று தனியாக வைத்திருக்கிறது. வெளிநாட்டில் இந்தப் பானம் பரவியதற்கு ஒரு பெரிய காரணம் 1964-இல் தொடங்கிய நியூயார்க் உலகக் கண்காட்சி. அங்கே ஸ்பெயின் அரங்கில் கொடுத்தது அமெரிக்கர்களுக்குப் பிடித்துப்போனது.

இன்னொன்று. கோடையில் ஸ்பெயின்காரர்கள் பாரில் போய் உட்கார்ந்தால் சாங்கிரியாவைவிட, சிவப்பு ஒயினில் இனிப்பு சோடா கலந்த தின்தோ தே வெரானோவைத்தான் அதிகம் கேட்பார்கள். சாங்கிரியா என்பது அவர்களுக்கு வீட்டில் பத்துப் பேர் கூடும்போது பெரிய ஜக்கில் கலக்குவது. பாரில் வாங்கும் சாங்கிரியாவில் என்ன ஒயின் விழுந்தது என்று கண்ணால் பார்க்க முடியாது, வீட்டில் பார்க்கலாம். வீட்டில் செய்யச் சொல்வதற்கு எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

எந்த வெள்ளை ஒயின் வாங்குவது?

இனிப்பில்லாதது, புளிப்பு துலக்கமாக இருப்பது, ஓக் பீப்பாயில் ஊறாதது, இளசானது. இந்த நான்கும் இருந்தால் திராட்சையின் பெயர் இரண்டாம் பட்சம்.

ஸ்பெயினில் என்றால் என் முதல் தேர்வு ருவேடா வட்டாரத்து வெர்டேஹோ. புல் வாசனையும் சோம்பு வாசனையும் லேசாக வரும், முடிவில் ஒரு சின்னக் கசப்பு இருக்கும், அது பீச் பழத்தோடும் எலுமிச்சையோடும் நன்றாகச் சேரும். 5 யூரோவுக்குள் சூப்பர்மார்க்கெட்டிலேயே நல்லது கிடைக்கும். லா மான்சாவின் ஐரேன் இன்னும் மலிவு, வாசனை குறைவு. பழம் நன்றாகப் பழுத்து மணக்கிறது என்றால் ஐரேனே போதும். ரியோஹாவில் விவுரா என்று எழுதியிருப்பதும் கத்தலோனியாவில் மகபேயோ என்று எழுதியிருப்பதும் ஒரே திராட்சைதான், இரண்டும் சரிப்படும். போர்ச்சுகலின் வின்யோ வெர்தேயில் ஆல்கஹால் பெரும்பாலும் குறைவு, நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும், வெயில் நேரத்துக்கு நல்ல தேர்வு. இவை எதுவும் கிடைக்காத ஊரில் சாவிஞான் பிளாங் அல்லது பினோ கிரிஜியோ வாங்குங்கள்.

கலீசியாவின் அல்பரினோவை இதில் ஊற்றாதீர்கள். அது தனியாகக் குடிக்க வேண்டிய ஒயின், விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டொனேயும் வேண்டாம். குளிரக் குளிர அந்த மர வாசனையும் துவர்ப்பும் முன்னால் வந்து பழத்தை அமுக்கிவிடும். மஸ்கட் வகை இனிப்பு ஒயினை முழுதாக ஊற்றினால் திகட்டும். ஆனால் சர்க்கரைக்குப் பதிலாக அதில் ஒரு சிறு கிளாஸ் சேர்ப்பது அருமையாக இருக்கும்.

இந்தியாவில் கிடைக்கும் ஒயினில் செய்யலாமா?

தாராளமாக. நாசிக் பக்கத்து சாவிஞான் பிளாங் இதற்கு நன்றாக ஒத்துவரும். ஷெனின் பிளாங் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். இங்கே விற்பதில் சில கொஞ்சம் இனிப்பாக இருக்கும், அப்படிப்பட்டதற்குச் சர்க்கரையே வேண்டாம்.

அளவு சொல்லுங்கள்.

750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு:

ஆரஞ்சு லிக்கர், அதாவது குவான்த்ரோ மாதிரி ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது, 50 மில்லி. எலுமிச்சைச் சாறு 30 மில்லி, அதாவது நம் ஊர் சின்ன எலுமிச்சை என்றால் இரண்டு, பெரிய மஞ்சள் எலுமிச்சை என்றால் முக்கால் பழம். சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி. பீச் இரண்டு, பச்சை ஆப்பிள் பாதி, ஆரஞ்சு பாதி. புதினா ஒரு கொத்து. கடைசியில் 250 மில்லி சோடா, எதுவும் கலக்காத வெறும் சோடா.

முதலில் பழத்தை நறுக்கி ஜக்கில் போட்டு, மேலே சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, லிக்கர் மூன்றையும் சேர்த்துக் கிளறி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மாங்காயில் உப்புப் பிசறி வைத்தால் தண்ணீர் விடுவதுபோல, சர்க்கரை பட்டதும் பழம் சாறு விடும். அரை மணி கழித்து ஜக்கைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் மங்கலான மஞ்சளில் பாகு மாதிரி ஒன்று தேங்கியிருக்கும், பீச் தோலின் சிவப்பு ஓரமாக இழையாக இறங்கியிருக்கும், சர்க்கரையில் ஒரு மணிகூட மிச்சம் இருக்காது. சாங்கிரியாவின் சுவையில் பாதி அந்தத் தேக்கத்தில்தான் இருக்கிறது. அப்புறம் குளிர்ந்த ஒயினை அதன்மேல் ஊற்றி, மூடி, பிரிட்ஜில் வையுங்கள்.

பலரும் ஒயினை ஊற்றிய பிறகு சர்க்கரை போட்டுக் கலக்குகிறார்கள். குளிர்ந்த ஒயினில் சர்க்கரை லேசில் கரையாது. அடியில் தங்கிவிடும், முதல் கிளாஸ் புளிக்கும், கடைசி கிளாஸ் பாயசமாக இருக்கும்.

சர்க்கரை ஒன்றரைக் கரண்டி போதுமா? மற்ற குறிப்புகளில் கால் கப் என்று இருக்கிறதே?

லிக்கரிலேயே இனிப்பு இருக்கிறது, பழத்திலும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் உண்மை, குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். அதனால் வெதுவெதுப்பாக இருக்கும்போது ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு பாருங்கள், போதாது என்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து ஆறவைத்த பாகில் ஒரு கரண்டி சேருங்கள். கூட்டுவது சுலபம், குறைக்க வழியில்லை.

பழங்களில் எது சேரும், எது சேராது?

பீச்தான் ராஜா. ஸ்பெயினின் அரகோன் பகுதியில் கலந்தா பீச் என்று ஒன்று இருக்கிறது, மரத்திலேயே ஒவ்வொரு காயையும் காகித உறையில் கட்டி வளர்ப்பார்கள், ஆனால் அது பழுத்து வருவது கோடை முடிகிற நேரத்தில். ஜூன் ஜூலையில் அங்கே சந்தையில் குவிவது பராகுவாயோ என்கிற தட்டையான பீச். மணம் தூக்கலாக இருக்கும், கொட்டை சின்னது, நறுக்குவது எளிது. எந்தப் பீச்சானாலும் விரலால் அழுத்தினால் லேசாகக் குழிய வேண்டும், கொழகொழத்துப் போயிருக்கக் கூடாது.

ஆப்பிளைச் சிறு துண்டுகளாகப் போடுங்கள். அது மணத்துக்கு அல்ல, கடித்துச் சாப்பிட. பச்சை ஆப்பிள் கரையாமல் நிற்கும். எலுமிச்சைச் சாறு படுவதால் கறுக்கவும் செய்யாது. பச்சைத் திராட்சை, பேரிக்காய், நெக்டரின் எல்லாம் நன்று. ஸ்ட்ராபெர்ரி போட்டால் சில மணி நேரத்தில் வெளுத்து, பானம் இளஞ்சிவப்பாகிவிடும், சுவைக்குக் கேடில்லை. பரிமாறும் முன் போட்டால் இரண்டும் அழகாக இருக்கும். தர்பூசணி தண்ணீர் விட்டு நீர்த்துப்போகச் செய்யும், வாழைப்பழம் கலங்கி மாவாகிவிடும். இரண்டையும் தொடவே வேண்டாம்.

ஆரஞ்சு, எலுமிச்சை வில்லைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியும் விதையும் ஊற ஊறக் கசப்பை இறக்கும். சிவப்பு ஒயினில் அது தெரியாமல் போகலாம், வெள்ளையில் தெரியும். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடுவீர்கள் என்றால் தோலோடு வில்லையாகப் போடலாம். அதற்கு மேல் ஊறவைப்பதாக இருந்தால் தோலின் மேல் நிறத்தை மட்டும் மெல்லச் சீவி எடுத்து அதைப் போடுங்கள், உரித்த சுளைகளைத் தனியாகச் சேருங்கள்.

மாம்பழம்?

கேட்காமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும்! போடலாம், ஆனால் நார் இல்லாத, இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும் பழமாக எடுத்துச் சதுரமாக நறுக்கி, கடைசி ஒரு மணி நேரத்தில் சேருங்கள். நன்கு கனிந்தது என்றால் ஜக் முழுக்கக் கலங்கி மாம்பழ ஜூஸ் ஆகிவிடும், ஒயின் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மாம்பழம் போட்டால் பீச் வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று அடிக்கும்.

பிராந்தி கட்டாயமா?

இல்லை. தென் ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியின் பிராந்தி, அந்தப் பகுதியின் வலுவான ஒயினான ஷெர்ரி இருந்த பீப்பாயில் ஊறி வருவது, நிறமும் மரவாசனையும் கனமாக இருக்கும். சிவப்பு சாங்கிரியாவுக்கு அது பொருத்தம். வெள்ளையில் ஊற்றினால் நிறம் தேநீர்ப் பக்கம் போகும். குவான்த்ரோ போன்ற ஆரஞ்சு லிக்கர் நிறமற்றது, மணமும் ஒத்துப்போகும். கார்தஹேனா ஊரில் தயாராகும் லிக்கோர் 43 சிலருக்குப் பிடிக்கும், வெனிலா மணம் வரும், இனிப்பு அதிகம் என்பதால் சர்க்கரையை நிறுத்திவிடுங்கள். எதுவும் இல்லாமல் வெறும் ஒயினும் பழமுமாகச் செய்தாலும் குறை ஒன்றுமில்லை, பகல் விருந்துக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். வோட்கா, ஜின் என்று ஆளுக்கொன்றை ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். போதைக்காகக் கலப்பது வேறு, இது வேறு.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

மூன்று மணி நேரம். இரண்டு குறைந்தபட்சம், நான்கு இருந்தால் இன்னும் நன்று. "முந்தின இரவே செய்துவையுங்கள்" என்பது சிவப்புக்கான அறிவுரை. வெள்ளையை இரவு முழுக்க வைத்தால் பீச் சோர்ந்துவிடும், ஒயினின் அந்தப் புத்துணர்ச்சியான மணமும் மங்கும். காலையில் நேரமில்லை என்றால் பழத்தை மட்டும் சர்க்கரையிலும் எலுமிச்சையிலும் ஊறப்போட்டு இரவே வைத்துவிட்டு, விருந்துக்கு மூன்று மணி நேரம் முன்பு ஒயினை ஊற்றுங்கள். புதினா பரிமாறும்போதுதான், உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டால் போதும். ஊறப்போட்டால் கறுத்துப்போகும்.

நேரமே இல்லை, விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால் சாங்கிரியாவை விட்டுவிடுங்கள். செவில்லே நகரத்து ஏப்ரல் திருவிழாவில் குடிக்கிற ரெபுஹிதோ இருக்கிறது. மன்சானியா ஷெர்ரி ஒரு பங்கு, லெமன் சோடா இரண்டு பங்கு, புதினா, ஐஸ். இரண்டு நிமிட வேலை.

சோடாவை எப்போது ஊற்றுவது? ஸ்ப்ரைட், செவன்-அப் ஊற்றலாமா?

மேசைக்குக் கொண்டுபோகும் கணத்தில். சோடாவும் பிரிட்ஜில் இருந்து வர வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த திரவத்தில்தான் வாயு தங்கும், வெதுவெதுப்பான சோடாவை ஊற்றினால் நுரைத்து அப்போதே அடங்கிவிடும். ஜக்கின் ஓரமாக மெதுவாக ஊற்றி, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிடுங்கள்.

ஸ்ப்ரைட் ஊற்றுவது தப்பில்லை, ஸ்பெயினிலும் லெமன் சோடா ஊற்றுகிற வீடுகள் உண்டு. அப்படியென்றால் சர்க்கரையை முழுக்க விட்டுவிடுங்கள்.

ஐஸ்?

ஜக்கில் வேண்டாம், கிளாஸில் போடுங்கள். செவில்லேயில் ஜூலை மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் உண்டு. அந்த மாதிரி வெயிலில் ஜக்கில் ஐஸ் போட்டால் கால் மணியில் பாதி ஜக் தண்ணீர்தான். சென்னை மே மாதத்துக்கும் இதே கதைதான். ஒயினை முன்பே நன்றாகக் குளிர வைத்திருந்தால் ஐஸின் தேவை குறையும். பச்சைத் திராட்சையையும் பீச் துண்டுகளையும் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து, அவற்றையே ஐஸுக்குப் பதில் போடலாம், உருகினாலும் பழச்சாறுதானே. கிளாஸில் போடும் ஐஸ் பெரிய கட்டியாக இருக்கட்டும், பொடி ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும்.

ஒரே பெரிய பாத்திரத்தில் கலக்குவதைவிட இரண்டு சிறிய ஜக்குகள் மேல். ஒன்று மேசையில், மற்றது பிரிட்ஜில். ஜக் கண்ணாடியோ பீங்கானோ நல்லது, ஸ்டீல் பரவாயில்லை. அலுமினியம், செம்பு, ஈயம் போன பித்தளை எதுவும் கூடாது, எலுமிச்சையின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஸ்பெயின் மண் ஜக்குகளின் வாயைக் கிள்ளிவிட்ட மாதிரி குறுக்கியிருப்பார்கள், ஊற்றும்போது பழமும் ஐஸும் கிளாஸுக்குள் தொப்பென்று விழாமல் இருக்க. அது இல்லாதபோது ஒரு நீளக் கரண்டியை வாயில் தடுப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேருக்கு எவ்வளவு?

மேலே சொன்ன அளவில் ஒரு பாட்டிலுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வரும், 180 மில்லி கிளாஸில் ஆறு. ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்று வைத்தால் 3 பாட்டில் கலக்கி, நான்காவதைத் திறக்காமல் குளிர வைத்திருங்கள்.

காவாவில் செய்வது பற்றி?

மிக நன்றாக இருக்கும், பார்சிலோனா பக்கம் பல உணவகங்களில் இதுதான் பிரபலம். காவா என்பது பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதித்து நுரை பெறும் ஒயின், பெருமளவு பெனெதேஸ் வட்டாரத்தில் தயாராவது. ஊறவைக்க முடியாது, நுரை போய்விடும். அதனால் பழத்தை லிக்கரிலும் எலுமிச்சையிலும் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மேசையில் வைத்துக் காவாவை ஊற்ற வேண்டும். சோடா தேவையில்லை. லேபிளில் "புரூட்" (இனிப்பு மிகக் குறைவு) என்று இருப்பதை வாங்குங்கள். இதற்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம் ஆகுவா தே வலென்சியா: காவா, ஆரஞ்சுச் சாறு, வோட்கா, ஜின். 1959-இல் வலென்சியா நகரின் கஃபே மட்ரிட்டில் கோன்ஸ்தாந்தே ஹில் என்பவர் உருவாக்கியது. ருசியாக இருக்கும், ஆனால் ஏறுவது தெரியாமல் ஏறும்.

சாங்கிரியா லேசானதுதானே, நிறையக் குடிக்கலாம் அல்லவா?

கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 சதவீத ஒயின் 750 மில்லியில் 90 மில்லி ஆல்கஹால், 40 சதவீத லிக்கர் 50 மில்லியில் 20. மொத்தம் 110, அது 1,080 மில்லியில் கலந்திருக்கிறது. ஏறக்குறைய 10 சதவீதம், சாதாரண பீரைப் போல இரண்டு மடங்கு. 180 மில்லி கிளாஸ் ஒன்று 330 மில்லி பீருக்குக் குறையாது, ஆனால் இனிப்பும் குளிர்ச்சியும் இருப்பதால் தண்ணீர்த் தாகத்துக்குக் குடிப்பதுபோல் உள்ளே போய்விடும். மேசையில் குடிதண்ணீர் ஜக் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், வெயிலில் கூட்டம் என்றால் இரண்டு. பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு கிளாஸ்கூட ஊற்றாதீர்கள். இந்தியச் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை.

ஜக்கில் கிடக்கும் பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பழம் ஆல்கஹாலை உறிஞ்சியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதுவே. ஜக்கைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், பார்க்கப் பழ ஜூஸ் மாதிரியே இருக்கும்.

குடிக்காதவர்களுக்கு?

அவர்களுக்கும் அதே அக்கறையோடு ஒரு ஜக் செய்யுங்கள். ஓரமாக ஒரு கோலா பாட்டிலை வைத்துவிட்டு விருந்து என்று சொல்லக் கூடாது. ஸ்பெயின் பார்களில் மோஸ்தோ என்று நொதிக்காத திராட்சைச் சாறு கிடைக்கும். வெள்ளை மோஸ்தோ அரை லிட்டர், எலுமிச்சைச் சாறு மேலே சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு, அதே பழங்கள், சோடா அரை லிட்டர், புதினா. சாறே இனிப்பு என்பதால் சர்க்கரை வேண்டாம். மோஸ்தோ கிடைக்காவிட்டால் பச்சைத் திராட்சையை அடித்து வடிகட்டுங்கள். கூடவே நன்கு ஆறிய கிரீன் டீ கால் கப் சேர்த்தால் ஒயினில் இருக்கும் லேசான துவர்ப்பு வந்துவிடும்.

கூடச் சாப்பிட என்ன?

உப்பும் எண்ணெயும் உள்ளது. ஆலிவ், உப்புப் போட்டு வறுத்த பாதாம், உருளைக்கிழங்கு தோர்தியா (ஸ்பெயினின் கனமான ஆம்லெட்), பூண்டு இறால், வினிகரில் ஊறிய நெத்திலி. வறுத்த முந்திரியும் மீன் வறுவலும் நம் வீட்டில் இருந்தால் அதுவே போதும், மிளகாய் மட்டும் கம்மியாக.

கலக்கியாகிவிட்டது, ருசி சரியில்லை. என்ன செய்ய?

கசந்தால் ஆரஞ்சு, எலுமிச்சை வில்லைகளை உடனே எடுத்துவிட்டு ஒரு கரண்டி பாகு சேருங்கள். திகட்டினால் எலுமிச்சைச் சாறும் சோடாவும். சப்பென்று இருந்தால் பெரும்பாலும் புளிப்புதான் போதவில்லை, சர்க்கரையைத் தொடாமல் முதலில் எலுமிச்சையைப் பிழியுங்கள், கூடவே ஒரே ஒரு சிட்டிகை உப்பு. நீர்த்துவிட்டால் அந்தத் திறக்காத பாட்டிலில் இருந்து ஒரு கிளாஸ்.

மீந்துபோனால்?

பழத்தை வடித்து எடுத்துவிட்டு, சிறிய பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடிப் பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை குடிக்கலாம், நுரை இருக்காது, புதிதாகச் சோடா சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஊறிய பீச், ஆப்பிளைக் கொஞ்சம் சர்க்கரையோடு வாணலியில் போட்டுச் சுண்டவைத்து வெனிலா ஐஸ்கிரீமோடு பெரியவர்கள் சாப்பிடலாம். சுண்டினாலும் ஆல்கஹால் முழுக்கப் போய்விடாது, அதனால் இதுவும் குழந்தைகளுக்கு இல்லை. வடித்ததை உறைய வைத்தால் குச்சி ஐஸ் மாதிரி கெட்டியாகாது. முள்கரண்டியால் சுரண்டினால் பொடிப்பொடியாக வரும், அடுத்த நாள் மதியத்துக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.